மூணாவது ஊட்டுக்குக் கல்லு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாசாணியம்மாளுக்கு எரிச்சலும் கூடவே வந்துவிடும். ஆனைமலைப் பக்கம் ஒரு மலையடிவார ஊரில் பஞ்சாயத்துத் துப்புரவு வேலை அவளுக்கு. கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்கள் மூச்சை நன்றாக இழுத்து, "ஆகா, என்ன சுத்தமான காத்து!" என்பார்கள், அந்தக் காத்திலேயே சிப்ஸ் கவரைப் பறக்க விடுவார்கள். தென்னந்தோப்பைப் பார்த்து உருகிவிட்டு, "நீங்கெல்லாம் குடுத்து வெச்சவங்க" என்று அவளிடமே சொல்வார்கள். ஒழுகுகிற தகரக் கூரைக்குக் கீழே ஒரே ஒரு மழைக்கு வந்து படுத்துப் பார்த்தால் தெரியும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே குனிந்து பெருக்குவாள்.

மலைமேல் கோயிலுக்குப் பின்னால் கல்லடுக்கி வேண்டிக்கொண்டால் சொந்த வீடு அமையும் என்பது அங்கே நம்பிக்கை. அன்றைக்கு மாசாணியம்மாள் அங்கே பெருக்கிக்கொண்டிருந்தபோது, கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பெண் தட்டைக் கல் தேடி அலைந்தாள். மண்ணில் கிடந்தது எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பாறையோரம் பாசி பிடித்து நின்ற பழைய அடுக்கைக் கலைத்து, அந்த மூன்று கல்லையே தனக்கென்று அடுக்கிக் கும்பிட்டாள்.

"சொந்த ஊடு இல்லீங்களா அம்மணி?" என்று கேட்டாள் மாசாணியம்மாள்.

"டவுன்ல ரெண்டு இருக்குதுங்க. இங்க மலையைப் பார்த்த மாதிரி ஒண்ணு வேணும். நீங்க கல் அடுக்கலையா?"

விளக்குமாற்றைப் பாறையில் ஓங்கித் தட்டினாள் மாசாணியம்மாள்.

"பன்னெண்டு வருசத்துக்கு முந்தியே அடுக்குனேனுங்க. அதைத்தான் இப்ப உங்க மூணாவது ஊட்டுக்கு எடுத்து வெச்சிருக்கீங்க."