வேஷம் கட்டிய பென்குயின்

கம்ப்யூட்டர் கடையில் எல்லோரும் அவரைப் பென்குயின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸின் சின்னம் பென்குயின். அந்தக் கடையில் லினக்ஸ் தெரிந்த ஒரே ஆள் அவர். ஆறு வருடம் பில் போட்டவர். கடை வீசியெறிந்த பழைய கணினி ஒன்றை வீட்டுக்குத் தூக்கிப்போய், சாப்பாட்டு மேசையில் வைத்து, லினக்ஸைத் தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டார். "ஓசியில கிடைச்சதுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று பஸ் ஓட்டும் கணவர் கேலி செய்வார்.

பிறகு ஒன்பது அங்குலச் சின்ன லேப்டாப்கள் வந்தன. உள்ளே விண்டோஸ் இல்லை, லினக்ஸ். முதலாளி அக்காவைப் பில் கவுன்டரிலிருந்து எழுப்பி, மாடிப்படி ஓரத்தில் தனி மேசை கொடுத்தார். வாழ்க்கையில் அவருக்கென்று கிடைத்த முதல் மேசை.

வாங்கியவர்கள் மூன்றாம் நாளே பெட்டியோடு படியேறி வந்தார்கள். "என்னம்மா இது, ஸ்டார்ட் பட்டனையே காணோம்?" என்றார் ஒரு தையல்காரர். "ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரி இல்லையே," என்றார் ஒரு நர்ஸ். எதுவும் கெட்டுப்போகவில்லை. திரையின் முகம் பழகவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி கறாராகச் சொன்னார்: "இனிமே ஒண்ணு திரும்பி வந்தாலும் இந்த மாடலை நிறுத்திடுவேன். அப்புறம் உனக்கு எதுக்கு மேசை?"

அக்கா லேப்டாப்பின் முகத்தையே மாற்றிவிட்டார். விற்ற ஒவ்வொரு லேப்டாப்பும் அரை மணி நேரம் அவர் மேசையில் கிடந்தது. இடது மூலையில் பட்டன், கீழே நீலப் பட்டை, படங்கள் எல்லாம் ஜனங்களுக்குப் பழகிய வரிசையில். பென்குயின் மருந்துக்கும் இல்லை. பெட்டியின் மேல் லினக்ஸ் என்று அச்சிட்டிருந்தது. பெட்டியை யார் படிக்கிறார்கள்?

"அக்கா, பென்குயினுக்கு வேஷம் கட்டிட்டீங்களே!" என்றான் விற்பனைப் பிரிவில் இருந்த ஸ்பீக்கர். கடை முழுக்கக் கேட்கும்படி பேசுவதால் அந்தப் பெயர்.

"கலையாம இருந்தா போதும். நீ போய் வந்தவங்களைக் கவனி."

கலையவே இல்லை. ஆறு மாதத்தில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஏழாவது மாதம் லேப்டாப் கம்பெனியின் ஆள் ஒரு தாளோடு வந்தார். இந்தக் கடையில் வாங்கிய ஐம்பது பேரிடம் போனில் விசாரித்திருந்தார்கள்.

"என்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்கன்னு கேட்டோம். நாப்பத்தாறு பேர் விண்டோஸ்னாங்க. நாலு பேர் தெரியாதுன்னாங்க. லினக்ஸ்னு ஒருத்தர்கூட சொல்லல. வாங்கினதும் லினக்ஸை அழிச்சு விண்டோஸ் போட்டுக்கறாங்க போல."

"யாரும் அழிக்கல சார்! ஐம்பதும் லினக்ஸ்தான். நான் என் கையால செட் பண்ணினது."

"அப்போ அவங்க ஏன் சொல்லல?"

அக்கா மேசை ஃபோனை எடுத்து, ஒரு ரிட்டயர்டு தபால்காரரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். "ஐயா, உங்க லேப்டாப் எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கும்மா! வைரஸ் இல்ல, ஒருநாள்கூட நின்னதில்ல. விண்டோஸ் இவ்வளவு நல்லதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

கம்பெனிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை மடித்தார். பக்கத்தில் நின்ற முதலாளி சிரிக்கவே இல்லை. லினக்ஸ் என்று கேட்டு வாங்க ஆளே இல்லை என்று கம்பெனி லினக்ஸ் மாடலை நிறுத்தியது. மிச்சமிருந்த இருபத்து மூன்று லேப்டாப்களிலும் லினக்ஸை அழித்து விண்டோஸ் ஏற்றும் வேலை அக்காவுக்கே வந்தது. வேறு யாருக்கும் அது தெரியாதே. நான்கு நாளில் முடித்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் மேசையைப் பிரின்டர் வைக்கக் கொண்டுபோனார்கள். அக்காவைக் கீழே, மொபைல் கவர் விற்கும் இடத்தில் நிற்க வைத்தார்கள். அங்கே நாற்காலியும் இல்லை.

ஒரு நாள் அந்தத் தபால்காரர் நண்பரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நண்பரின் கையில் விண்டோஸ் ஏற்றிய அந்த இருபத்து மூன்றில் ஒன்று.

"ஆன் ஆகறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம் போல இருக்கும்மா. இவருக்கும் எனக்குப் போட்ட அதே விண்டோஸைப் போட்டுக் குடு."

அக்கா கையிலிருந்த கவரை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஐயா, உங்களுது விண்டோஸ் இல்ல. லினக்ஸ்."

தபால்காரரின் முகம் மாறியது. "அடப்பாவமே! டூப்ளிகேட்டையா தலையில கட்டினே?"

சாயங்காலமே தன் லேப்டாப்பையும் பெட்டியோடு கொண்டுவந்து முதலாளி முன் வைத்தார்.