யோகா டீச்சரின் நுரையீரல் படம்

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க."

சி.டி. ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் எங்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் இதைத்தான் சொல்வோம். எங்கள் மெஷினுக்குள்ளேயே இந்த வாக்கியம் பெண் குரலில் பதிவாகியிருக்கிறது. அன்று அந்தப் பழக்கம்தான் எங்கள் காலை வாரியது.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரியில் நான் சீனியர் டெக்னீஷியன். ஒரு மதியம் எமர்ஜென்சியிலிருந்து ஹேமா மேடத்தை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பீர்க்கன்கரணையில் யோகா கிளாஸ் நடத்துபவர். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீடு போன சில நாட்களிலேயே திடீர் மூச்சுத் திணறல். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரல் தமனிக்குள் போய் அடைத்திருக்குமோ என்று சந்தேகம். கட்டி இருந்தால், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை உடனே கொடுத்தாக வேண்டும். இல்லாத கட்டிக்குக் கொடுத்தாலோ ஆபரேஷன் புண்ணிலிருந்து ரத்தம் கொட்டலாம். படம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கிட்னி ரிப்போர்ட் வேறு சுமார். அதனால் ரத்தக்குழாய்களைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும், அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து ஒரே தடவைதான், அதுவும் குறைவாக என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

கையில் ஊசி வழியே மருந்து ஏறியது. மெஷின் தன் வசனத்தைச் சொன்னது. மேடம் அந்த வேதனையிலும் பிராணாயாமத்தையே அரங்கேற்றிவிட்டார்! கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே நெஞ்சு விம்மி ஏறியது தெரிந்தது.

பளீரென்று வெள்ளையாகத் தெரிய வேண்டிய தமனிகள் படத்தில் சோகை பிடித்த சாம்பல் நிறத்தில் கிடந்தன. கட்டி இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் நசீமா மேடம் தன் இடத்திலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "என்னாச்சு வசந்தி?"

"மருந்து கரெக்டாதான் போச்சு மேடம். டைமிங்கும் சரி."

"மூச்சை எவ்ளோ இழுத்தாங்க?"

"ஃபுல்லா மேடம். யோகா டீச்சர்."

"அதான் விஷயம். அவ்ளோ இழுத்தா வயித்துப் பக்கத்துலேருந்து மருந்து கலக்காத ரத்தம் சரசரன்னு ஹார்ட்டுக்கு ஏறிடும். கான்ட்ராஸ்ட் நீர்த்துப் போயிடும்."

"ரிப்பீட் பண்ணிடலாமா?"

"கிட்னி தாங்காதும்மா. டூயல் எனர்ஜிலதானே எடுத்தே? எனர்ஜிய இறக்கிப் பாரு."

டூயல் எனர்ஜி என்றால் இரண்டு வேறு சக்தியுள்ள எக்ஸ்ரேக்களால் ஒரே ஸ்கேனில் எடுப்பது. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு, இன்ன சக்தியில் எடுத்திருந்தால் படம் எப்படி இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் காட்டும். சக்தியைக் குறைத்தால் அயோடின் உள்ள இடம் பிரகாசமாகும். கூடவே, மணல் தூவியதுபோல நாய்ஸும் ஏறும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

எழுபது கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து இறக்கினேன். அறுபதில் தமனிகள் லேசாகத் தலைகாட்டின. நாற்பதில் ஜொலித்தன, ஆனால் படம் முழுக்க மணல். "கொஞ்சம் ஏத்து," என்றார் நசீமா மேடம். ஐம்பதில் நிறுத்தி நாய்ஸைக் குறைத்தேன்.

வலது நுரையீரலின் கீழ்க் கிளையில், வெள்ளை ஓட்டத்தின் நடுவே கருப்பாக ஒரு கட்டி.

அடுத்து அயோடின் மேப். ரத்தம் போகும் இடமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர, அந்தக் கிளைக்குக் கீழே மட்டும் கேக் வெட்டி எடுத்ததுபோல ஒரு கருப்பு ஆப்பு. புதிதாக ஒரு சொட்டு மருந்து ஏற்றவில்லை, ஒரு எக்ஸ்ரே கூடுதலாகப் பாய்ச்சவில்லை. ஒன்றுமே இல்லை என்று நான் கைவிட்ட அதே ஸ்கேனுக்குள் இத்தனையும் இருந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"இருக்கு மேடம், இருக்கு!" என்று கத்தியேவிட்டேன்.

கதவருகே நின்றிருந்த ஹேமா மேடத்தின் கணவர் எட்டிப் பார்த்தார். "எது மேடம் இருக்கு?"

என் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. நசீமா மேடம்தான் அவரை உட்காரவைத்தார். "கட்டி இருக்கு சார். தெரிஞ்சதாலதான் இப்போ தைரியமா மருந்தை ஆரம்பிக்க முடியும்." அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்று மாலையே ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து ஏறியது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நுரையீரல் தமனி ஸ்கேன் என்றால் மெஷினின் வாயை அடைத்துவிட்டு நீங்களே பேசுங்கள்: "சாதாரணமா மூச்சு விடுங்க, சொன்னதும் அப்படியே நிறுத்துங்க." படம் சொதப்பினால் ரிப்பீட்டுக்குப் பறக்காதீர்கள். எடுத்ததற்குள் என்னென்ன இருக்கிறது என்று முழுசாகப் பாருங்கள்.

சில வாரம் கழித்து ரிவ்யூவுக்கு வந்த ஹேமா மேடம் தானே நடந்து எங்கள் அறைக்கு வந்தார். படத்தைப் பார்க்க வேண்டுமாம். அயோடின் மேப்பைத் திறந்தேன். அந்த ஆரஞ்சையும் நடுவே இருந்த கருப்பையும் குனிந்து பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு போற இடம் உள்ளே இவ்ளோ அழகா இருக்கும்னு யாருமே சொல்லலியே வசந்தி. இத்தனை வருஷமா கண்ண மூடிக்கிட்டே கிளாஸ் எடுத்திருக்கேன்."