எல்லாரும் குனிந்து நின்ற படம்

1996 நவம்பர். காலை எட்டு மணிக்கும் சுவிஸின் பேர்ண் ஸ்டேஷனில் விளக்குகள் அணையவில்லை; அப்படி ஒரு மழை. லுசேர்ணுக்குத் தொண்ணூறு கிலோமீற்றர் சொச்சம். எல்லாரும் ஏரி பார்க்கப் போகும் ஊருக்கு நான் செத்தவீட்டுப் படமெடுக்கப் போனேன்.

மன்னாரிலிருந்து வந்து அங்கே ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்த அருள்தாஸ், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழும்பவில்லை. சண்டையால் ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை, இங்கேதான் அடக்கம். தம்பி ஜெயதாஸ் தொலைபேசியில் சொன்னான்: "அண்ணை, அம்மாவுக்கு ஒரு படம் வேணும். முகமும் தெரியவேணும், சுத்தி நிண்ட ஆக்களும் தெரியவேணும். தனியக் கிடந்து போனவன் எண்டு நினைச்சால் அவ தாங்கமாட்டா."

பெட்டியைச் சுற்றி நின்று படமெடுக்காமல் எங்கள் செத்தவீடு முடிவதில்லை. இங்கே பெட்டி வைக்கும் அறையோ ஆள் பின்னால் நகர முடியாத அறை. அதனால் என் மீன்கண் லென்ஸையும் எடுத்துக்கொண்டேன். பழைய சாமான் கடையில் எண்பது பிராங்குக்கு வாங்கியது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை விழுங்கும். எதையும் நேராக விடாது. பிறந்தநாள் வீடுகளில் அதை வைத்து விளையாடியதுதான் என் பழக்கம். "உன்ர லென்ஸுக்குள்ள போனால் மாப்பிள்ளையும் தவளைதான்" என்பான் கூட வேலை செய்யும் சூசை. அந்தச் சொல் வழியெல்லாம் என்னை அரித்தது.

வழியில் லங்நவ் ஸ்டேஷன் தாண்டியதும் மலைகள் மேகத்துக்குள் போய்விட்டன. கமராவில் லென்ஸைப் பூட்டிப் பார்த்தேன். யன்னல் வில்லாய் வளைந்தது. கீழே என் சப்பாத்துகள் வந்து நின்றன. "மலைக்கு இன்றைக்கு லீவு" என்றார் எதிரே இருந்த சுவிஸ்காரர்.

பத்து மணி, சேமக்காலை; கல்லறைகளைத் தாண்டி, பெட்டி வைத்த அறை. சாதாரண லென்ஸில் முகம் வந்தால் ஆட்கள் இல்லை, ஆட்கள் வந்தால் முகம் இல்லை. மீன்கண்ணை மாட்டி, பெட்டியோடு ஒட்டி முழந்தாளிட்டு, அருள்தாஸின் முகத்தை நடுவில் வைத்தேன். நடுவில் இருப்பதை மட்டும் அது கோணலாக்காது.

"செத்தவரைப் படமெடுக்கலாமா?" என்று அருள்தாஸின் ஹோட்டல் தலைமைச் சமையல்காரர் தயங்கினார். "தாய்க்கு" என்று ஜெயதாஸ் டொச் மொழியில் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு, இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். அந்த லென்ஸுக்கு முன்னால் ஒதுங்க இடமேது?

"பொறுங்கோ, முதல்ல நான் பாக்கிறன்" என்று ஜெயதாஸ் என்னருகில் முழந்தாளிட்டான். நெடுநேரம் கமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கும் தவளைதான் தெரிகிறதோ என்று நினைத்தேன்.

"அண்ணை, எல்லாரும் அவன்ர முகத்துக்கு மேல குனிஞ்சு நிக்கினம்."

நிமிர்ந்து பார்த்தேன். வேலைத்தலத்து ஆட்கள், கைகளை முன்னால் கட்டி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, விறைப்பாக நின்றார்கள்.

"அது லென்ஸ் வளைக்கிறது, தம்பி. ஒருத்தரும் குனியேல்ல."

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றுவிட்டுப் போய்ப் பெட்டியின் தலைமாட்டு ஓரத்தில் நின்றான். எடுத்தேன்.

பின்னேரம் ஜெயதாஸ் என்னோடு ரயில் வரை வந்தான். "நான் அழேல்ல, அண்ணை. கட்டை மாதிரி நிண்டனான். படத்தில எப்பிடி வருவன்?"

"ஓரத்திலதானே நிண்டனீ. நீயும் குனிஞ்சுதான் வருவாய்."

ஊரில் என்றால் பெட்டிமேல் விழுந்து அழுபவர்களை விலக்கித்தான் முகத்தை எடுக்கவேண்டும். ரயில் நகர்ந்தது. மேடையில் ஜெயதாஸ், கைகளைக் கோட்டுக்குள் விட்டபடி, நேராக நின்றான்.