தறிவீட்டுப் பெண்ணின் வாசிப்பு

கொரோனா அடங்கிப் பள்ளி திறந்தபோது என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பெஞ்சிலும் மீதிப் பிள்ளைகள் என் போனிலும் இருந்தார்கள். போனை நாற்காலியில் வைத்து, சாயாமல் இருக்கச் சாக்பீஸ் டப்பாவை முட்டுக் கொடுத்தேன். வகுப்பில் நாற்காலி ஒன்றுதான். ஆகவே நான் நின்றேன்.

போனில் இருந்தவர்கள் பாடத்தின் நடுவே எழுந்துபோய் முறுக்கு எடுத்துவந்து தின்றார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடத்தை யார் கவனித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன் பிள்ளைகளில் ஒருத்தி ஜலகண்டாபுரத்துத் தறிவீட்டுப் பெண். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும். அவள் பெயரைக் கூப்பிட்டால் முதலில் தறிதான் பதில் சொல்லும், தடக் தடக் என்று. அதற்குமேல் அவள் கத்துவதில் ஒரு எழுத்தும் எனக்குப் புரியாது. பெஞ்சுப் பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். அவள் முறை வந்தாலே தறிக்குச் சமமாகப் பெஞ்சைத் தட்டுவார்கள். நான் அவர்களை அதட்டிவிட்டு, அவளை மியூட்டில் போட்டுவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன்.

ஒருநாள் அவள் அம்மாவிடம், வாசிக்கும் நேரத்தில் மட்டும் தறியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். வீடே அமைதியானது. பெண் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை.

"படி சாமி, தறிய நிறுத்திப்போட்டு நிக்கறனல்ல," என்றார் அம்மா. அவள் படிக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதைதான்.

தலைமை ஆசிரியர் இதைக் கேள்விப்பட்டு, வாசிக்கத் தெரியாவிட்டால் இரண்டாம் வகுப்பில் உட்காரவைப்பதுதான் சரி என்றார். வெள்ளிக்கிழமை நேரில் வரவழைத்துப் பார்த்து முடிவு செய்யச் சொன்னார். இரண்டாம் வகுப்பில் அவளுடைய தம்பி படித்தான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் தறிச் சத்தத்துக்கு மேல் குரல் எடுத்துக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுல நல்லாத்தானுங்க கத்திக் கத்திப் படிக்கறா. உங்ககிட்ட மட்டும் ஏனுங்க வாய் வரமாட்டேங்குது? தம்பி பக்கத்துல உக்கார மாட்டேன்னு ஒரே அழுகைங்க."

"பாக்கலாமுங்க," என்றேன். பதில் தெரியாதபோது நான் எல்லாரிடமும் சொல்வது அதுதான்.

வெள்ளிக்கிழமை அம்மா அவளைக் கூட்டிவந்து வகுப்புக்குள் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். அன்று கரண்டும் இல்லை. மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத வகுப்பில் அவள் புத்தகத்தோடு எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. குரல் வரவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

அப்போது கடைசிப் பெஞ்சு தடக் தடக் என்றது. கேலிதான். அவள் முறை வந்தால் தட்டிப் பழகிய கைகள். முன் பெஞ்சும் சேர்ந்துகொண்டது. நான் அதட்டுவதற்காக ஸ்கேலை எடுத்தேன்.

"குளத்தில் மீன்கள் நீந்தின!" என்று ஒரு குரல் கத்தியது.

அவள்தான். அடுத்த வரி, அதற்கடுத்த வரி, காற்புள்ளி முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போனாள். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பிள்ளைகள் ஆச்சரியத்தில் தட்டுவதை நிறுத்தினார்கள். அவளும் நிறுத்திவிட்டாள்.

"தட்டுங்க," என்றேன். பிறகு அது போதாது என்று தோன்றியதால் நானும் ஸ்கேலால் முன் பெஞ்சைத் தட்டினேன்.

தலைமை ஆசிரியர் வேகமாக வந்தார். அம்மா ஒதுங்கி வழிவிட்டார்.

"என்னங்க டீச்சர் நடக்குது இங்க?"

"வாசிக்கறாங்க சார்."

அவர் தட்டுகிறவர்களைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறவளைப் பார்த்தார். என் கையில் இருந்த ஸ்கேலையும் பார்த்தார்.

"யாரு?"

"எல்லாருந்தானுங்க சார்."

பக்கம் முடியும்வரை கைகட்டி நின்று கேட்டார். பிறகு, "மூணாவதுலயே இருக்கட்டும்," என்றார். "ஆனா கதவச் சாத்திக்கங்க."

அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.