கல்யாண முருங்கைக் கொம்போடு ஒரு மலைச் சைக்கிள் பயணம்

போன மாதம் என் பேத்தி நித்யா, புக்கிட் பாஞ்சாங் பக்கம் மலைச் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று தலைக்கவசம், முழங்கால் கட்டு, கையுறை எல்லாம் வாங்கி வந்து கூடத்தில் பரப்பி வைத்தாள். "அங்க செம்மண் இறக்கத்துல முன் பிரேக்கை மட்டும் தனியா பிடிச்சுடாதடி" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பாட்டி, நீங்க எப்போ மலைச் சைக்கிள் ஓட்டினீங்க? சும்மா சொல்லாதீங்க லா."

சும்மா சொல்லவில்லை. 1987இல் ஒரு வியாழக்கிழமை ஓட்டினேன். அந்தப் பக்கம் சைக்கிளோடு போக நினைக்கிறவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து என்னுடையது, தட்டச்சு நித்யாவுடையது. பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

அப்போது எங்கள் வீடு சிராங்கூன் ரோட்டை ஒட்டின அடுக்குமாடி புளோக்கில், ஆறாவது மாடி. என் கொழுந்தனுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை புளோக் கீழ்த்தளத்தில் பந்தக்கால் நட வேண்டும். சிமெண்டுத் தரையில் எப்படி நடுவது என்று கேட்காதீர்கள், எண்ணெய்த் தகரத்தில் மணல் நிரப்பி அதில் நடுவோம். மூங்கிலோடு சேர்த்துக் கட்ட ஒரு கல்யாண முருங்கைக் கொம்பு வேண்டும். மூத்த மருமகள் நான், சாமான் பொறுப்பு என்னுடையது. வாழை மரம், மாவிலை, தென்னங்கீற்று, மஞ்சள் துணி எல்லாம் வாங்கிவிட்டேன். கொம்பை மறந்துவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் மாமியார் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, "கொம்பு எங்கம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் மட்டும் தானாகப் பேசியது. "நாளைக்குப் புதுசா வருது அத்தை. இன்னைக்கே வெட்டினா வாடிடும்னு சொல்லிட்டேன்."

பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த என் நாத்தனார் கமலா நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் உள்ளே போனதும், "யாருகிட்ட அண்ணி சொன்னீங்க?" என்றாள்.

"யாருகிட்டயும் சொல்லல."

"அம்மா! இங்க வாங்களேன்!" என்று கத்தப் போனாள். வாயைப் பொத்தினேன். சிரிப்பு அடங்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது.

தேக்கா சந்தையில் விசாரித்தோம். இரண்டு நாள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். புக்கிட் பாஞ்சாங்கில் மலையை ஒட்டி ஒரு சின்னக் கம்பம், அதாவது கிராமம், இருந்தது. வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் ஏழெட்டுக் குடும்பம்தான் மிச்சம். அங்கே ஆடு வளர்த்த மருதை அண்ணன் வீட்டு வேலியே கல்யாண முருங்கைதான். ஆனால் போய் வருவது எப்படி? வாழை மரத்தோடு பஸ் ஏறப் போய் ஓட்டுநர் இறக்கிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. ஐந்தடி முள் கொம்பை எந்த டாக்சிக்காரர் ஏற்றுவார்? கமலாதான் சொன்னாள், "சைக்கிள்ல போவோம் அண்ணி."

அவள் புருஷன் அந்த வருஷம்தான் ஒரு மலைச் சைக்கிள் வாங்கியிருந்தார். தடித்த டயர், கியர் என்று அவர்கள் புளோக்கே வேடிக்கை பார்த்த வண்டி. எனக்கு என் வீட்டுக்காரருடைய பழைய கேரியர் சைக்கிள். சும்மா நிறுத்தி வைத்தாலே முனகும்.

காலை ஏழேகாலுக்குக் கிளம்பினோம். வியாழக்கிழமை ராகு காலம் மதியம் ஒன்றரைக்கு. அதற்குள் கொம்பு மணலில் நிற்க வேண்டும். நான் வீட்டுக்காரருடைய காற்சட்டையை மடித்துவிட்டுப் போட்டிருந்தேன். கமலா புது பஞ்சாபி சூட், கழுத்தில் பன்னிரண்டு வெள்ளி கொடுத்து வாங்கின ஷால். "மலைக்குப் போறியா, மாப்பிள்ளை பார்க்கப் போறியா?" என்றேன். "நீங்க மட்டும் என்ன, அண்ணன் காற்சட்டையில மீன் வாங்கப் போற மாதிரி இருக்கீங்க" என்றாள்.

புக்கிட் தீமா ரோட்டில் நேராகப் பதினைந்து கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பத்தாம் மைல்கல் பக்கம் ஒரு காப்பிக் கடையில் நின்றோம். காப்பி நாற்பது காசு, ரொட்டி எழுபது காசு. அங்கிருந்து தண்ணீர்க் குழாயை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. அப்புறம் பலகைப் பாலம், அதைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். இடப்பக்கம் கல்லுடைக்கும் குழி, வலப்பக்கம் காடு. கமலா கியரை மாற்றி மாற்றி மிதித்து ஏறினாள். நான் இறங்கித் தள்ளினேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று, "வந்துட்டீங்களா அண்ணி?" என்று கேட்டது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருதை அண்ணன் நல்ல கொம்பாகப் பார்த்து வெட்டினார். மணிக்கட்டுப் பருமன், நுனியில் கொத்தாக இலை. "முள்ளு இருக்கும்மா. சாக்கைச் சுத்திக் கட்டட்டுமா?" என்று ஒரு சாக்கை உதறினார். ஆட்டுப் புழுக்கை உருண்டு விழுந்தது.

"ஐயோ அண்ணே, கல்யாணக் கொம்புக்கு அந்தச் சாக்கா?" நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

"உங்க இஷ்டம்" என்றார். எங்கள் இஷ்டப்படி, வெறும் கொம்பை என் வண்டிக் கேரியர் ஓரமாகப் பின் சக்கரத்தை ஒட்டிக் கட்டினோம். மணி பதினொன்று. இரண்டரை மணி நேரம் இருக்கிறது, இறக்கம் வேறு என்று பாட்டுக் கூடப் பாடினோம்.

ஐந்து நிமிஷம் போயிருப்போம். வண்டி ஒரு வேரில் ஏறிக் குதித்தது. கயிறு தளர்ந்து கொம்பு டயரில் உரசியது. புஸ்ஸென்று ஒரு சத்தம். பின் டயர் சப்பை.

முதலில் கொம்பைத்தான் பிடித்தோம். தரையில் படக்கூடாது என்று மாமியார் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நான் டயரைப் பார்க்க, கமலா கொம்பைத் தோளில் சாய்த்து நின்றாள். இலையிலிருந்து எறும்பு அவள் கழுத்துக்கு இறங்க ஆரம்பித்தது. சொறியக் கை இல்லை. "அண்ணி, சீக்கிரம்! என்னைத் தின்னுட்டுத்தான் கல்யாணத்துக்கு வரும் போல!" ஒட்டுப்போட எங்களிடம் ஒன்றும் இல்லை. பத்தாம் கல்வரை தள்ளிக்கொண்டு போய் ஒட்டுப்போட்டால் பந்தக்கால் நேரம் போய்விடும்.

"நீ உன் வண்டில கொம்பை எடுத்துட்டுப் போ. நான் இதைத் தள்ளிட்டு வரேன்" என்றேன்.

கமலா கொம்பை என் கையில் கொடுத்தாள். "நான் கொண்டு போனா, நீங்க ஏன் வரலன்னு அம்மா கேப்பாங்க. நான் என்ன சொல்றது? பொய் உங்களோடது அண்ணி, கொம்பும் நீங்கதான் கொண்டு போகணும்."

சொல்லிவிட்டு அந்தப் பன்னிரண்டு வெள்ளி ஷாலைக் கழற்றினாள். முள் குத்தாமல் கொம்பைச் சுற்றி, என் முதுகில் குறுக்கே வைத்து இறுக்கிக் கட்டி, தன் வண்டியை என் பக்கம் தள்ளினாள். "பிரேக் ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க. கியர்ல கையே வைக்காதீங்க. பயமா இருந்தா கத்துங்க, இங்க யாரும் இல்ல."

கத்தினேன். முதல் வளைவில் முன் பிரேக்கைத் தனியாகப் பிடித்துக் கைப்பிடிக்கு மேலே போய்விடப் பார்த்தேன். அதற்கப்புறம் இரண்டையும் சேர்த்துத்தான். செம்மண் சறுக்கியது, சரளைக்கல் தெறித்தது, தாழ்ந்த கிளையெல்லாம் முதுகுக் கொம்பிலிருந்து இலை பறித்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். தடித்த டயர் வேரின்மேல் ஏறி இறங்கியபோது எனக்கே ரெக்கை முளைத்த மாதிரி இருந்தது. பயம் எந்த இடத்தில் போனது என்று தெரியவில்லை. பாலத்துப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர், காடே கிளம்பி வருவதைப் பார்த்து எழுந்து நின்று, "பிலான் பிலான் லா!" என்று கத்தினார். மெதுவாகப் போ என்கிறார். மெதுவாகப் போகிற வழி தெரிந்தால் போகமாட்டேனா? பாலத்தைத் தாண்டியதும் சேற்றில் சறுக்கி முழங்கை சிராய்ந்தது. நான்தான் விழுந்தேன், கொம்பு விழவில்லை.

ரோட்டுக்கு வந்தபோது பதினொன்றரை. மழை பிடித்து, ஒரு பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் முதுகில் கொம்போடு நின்றேன். பஸ்ஸில் போனவர்கள் எல்லாரும் கை ஆட்டினார்கள். புளோக் கீழே போய் இறங்கியபோது ஒன்று ஐந்து.

மாமியார் மணல் தகரத்துப் பக்கத்தில் நின்றிருந்தார். சொந்தக்காரர்கள் இருபது பேர் சுற்றி. முதுகுக் கட்டை அவிழ்த்து ஷாலை உருவினார். கொம்பில் மூன்றே இலை. என்னைப் பார்த்தார், காற்சட்டையைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "புதுசா வருதுன்னு சொன்னியே. மலையையும் சேர்த்தே கொண்டு வந்துட்டியா?"

புதன்கிழமையே அவருக்குத் தெரியும்! பிறகு தன் சேலைத் தலைப்பாலேயே என் முகத்துச் சேற்றைத் துடைத்தார். "மூத்த மருமக வந்தாச்சு. கொம்பை அவளே நடட்டும்" என்று சத்தமாகச் சொன்னார். ஒன்று இருபதுக்கு நட்டேன். 

மூன்று மணிக்குக் கமலா வந்தாள். ஒட்டுப்போட ஒரு வெள்ளி, இரண்டு கட்டு கச்சான் கடலை ஐம்பது காசு. வந்ததும் சைக்கிளைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள். பிறகு ஷாலைத் தேடினாள். அது பந்தக்காலில் மஞ்சள் துணிக்கு மேலே கட்டியிருந்தது. கல்யாணம் முடியும்வரை அவிழ்க்கக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

இப்போது போகிறவர்களுக்கு: தேக்காவிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் புக்கிட் பாஞ்சாங் போய்விடலாம். கம்பம் இல்லை. காட்டில் சைக்கிளுக்கென்றே பாதை பிரித்திருக்கிறார்கள், நடக்கிற பாதையில் ஓட்டாதீர்கள். மதியத்துக்கு மேல் இடி மழை வரும், காலையிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீர் இரண்டு போத்தல். குரங்குக்குத் தெரிகிற மாதிரி தின்பண்டம் கொண்டு போகாதீர்கள். ஒட்டுப்போடும் சாமான் கட்டாயம். யாராவது சாக்கு கொடுத்தால், அதில் என்ன இருந்தது என்று பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நித்யா இதைத் தட்டச்சு செய்துவிட்டும் நம்பவில்லை. கமலாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "ஓட்டினாங்க, ஓட்டினாங்க" என்றாள் கமலா. "என் சைக்கிள்ல."