சிவப்பு அம்பு போட்ட தாள்

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. திருகோணமலை நகரில் ஒரு பாடசாலையில் ஒன்பதாம் ஆண்டுக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஓர் உதவி நிறுவனம் எங்களுக்கு மின்பலகை ஒன்று கொடுத்திருந்தது. லப்டொப்போடு இணைத்துவிட்டால் பலகையிலேயே பேனையால் எழுதலாம், படங்களை இழுத்து வைக்கலாம். எழுதியதைச் சேமித்து, எந்தக் கோடு முதலில் வந்தது என்று திரும்ப ஓட்டியும் பார்க்கலாம். பதினாறு வருடம் சோக்கட்டியோடு மல்லுக்கட்டிய எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற ஆசிரியர்கள் முன்னால் கொஞ்சம் பெருமையும் அடித்தேன், பொய் சொல்லக்கூடாது.

அன்றைக்கு மீட்டல் பாடம் இயற்கைத் துறைமுகம். எங்கள் துறைமுகத்தின் படத்தையே பலகையில் போட்டேன். பிள்ளைகள் வந்து குன்றுகளுக்கு வட்டமிட்டார்கள், ஆழத்தை எழுதினார்கள். கப்பல்துறைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை, வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுக்கும் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக்கும் அம்புக்குறி கீறினாள். நன்றாகத் தெரியட்டும் என்று சிவப்பு நிறத்தைத் தேர்ந்து கொடுத்தவள் நான்தான். மறுநாள் பரீட்சை என்பதால், பலகையில் இருந்ததை அப்படியே பிரின்ட் எடுத்து எல்லோருக்கும் கொடுத்து அனுப்பினேன்.

பாடசாலை விட்டு ஒரு மணித்தியாலம் இருக்கும். அலுவலகத் தொலைபேசியில் அம்பு கீறிய பிள்ளையின் தாய் கூப்பிட்டார்.

"ரீச்சர், கண்டி றோட்டுச் செக்பொயின்டில மகள பஸ்ஸால இறக்கிப்போட்டாங்களாம். பையில ஹாபர் படம் இருந்ததாம். என்ன படம் ரீச்சர் குடுத்தனீங்கள்?"

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

சோதனைச் சாவடியில் பிள்ளை ஒரு கதிரை நுனியில் இருந்தாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மேசையில் அந்தத் தாள். துறைமுகம், வட்டங்கள், ஆழ இலக்கங்கள், கடலிலிருந்து உள்ளே பாயும் சிவப்பு அம்பு. வகுப்பில் இருந்த அதே படம்தான். ஆனால் அங்கே பார்த்தபோது, துறைமுகத்திலிருக்கும் கடற்படைத் தளத்தைத் தாக்கப் போட்ட திட்டம்போலத்தான் எனக்கும் தெரிந்தது.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "இந்த அம்பு என்ன?" என்றார்.

"காத்து, சேர். வாடைக்காத்து."

அவர் சிரிக்கவில்லை. எனக்கே அது பொய்போலத்தான் கேட்டது.

லப்டொப்பைத் திறந்து பாடத்தை ஓட்டினேன். வெறும் படம் வந்தது. ஒரு பிள்ளை குன்றைக் கடலுக்குள் வைத்தது, நான் பிழை என்று கோடு போட்டேன். இவள் வாடையைத் தரையிலிருந்து வீசவிட்டு, அழித்து, திருப்பிக் கீறினாள். சரியான விடைக்குக் கைதட்டல் சத்தம் வர வைத்திருந்தேன். அதை மறந்தே போனேன். திடீரென்று முப்பது பேர் கைதட்டினாற்போல் சத்தம் எழும்ப, வாசலில் நின்ற சிப்பாய் துவக்கோடு திரும்பினான்.

அதிகாரி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். கடைசிவரை பார்த்துவிட்டு, பிள்ளையைப் போகச் சொன்னார். அப்போதுதான் கேட்டார்.

"டீச்சர், இது எத்தனை பேருக்குக் குடுத்தது?"

முப்பத்திரண்டு பேருக்கு. அதுவரை என் மூளைக்கு அது எட்டவேயில்லை. கிண்ணியாத் துறைக்கு, சீனக்குடாவுக்கு, நிலாவெளிக்கு என்று மற்ற முப்பத்தொரு பைகளிலும் அந்தத் தாள் போய்க்கொண்டிருந்தது.

"மத்த செக்பொயின்டுக்கு நான் சொல்றது. நீங்க எல்லாம் திருப்பி எடுங்க."

பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். மிச்ச முப்பத்தொன்றும் மறுநாள் காலையில்தான் கைக்கு வந்து சேர்ந்தன. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றையும் குசினி அடுப்பில் போட்டேன்.

அடுத்த பாடத்தில் அந்தப் பிள்ளையிடம் மின்பேனையை நீட்டினேன். "வேண்டாம் ரீச்சர், நான் வாயால சொல்லுறன்" என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த வருடம் முழுக்க அவள் பலகையைத் தொடவில்லை.

இப்போது சாவடிகள் இல்லை. ஆனாலும் பிரின்ட் எடுக்கப் போகும்போதெல்லாம், இந்தத் தாள் எந்த வழியாக வீடு போகும் என்று நினைத்துப் பார்க்காமல் என் விரல் அந்தப் பொத்தானில் அழுந்துவதில்லை.