கோடு போட்ட டி-ஷர்ட்டில் ஓடிய அலை

துணி வெட்டும் கட்டிங் செக்‌ஷனை நிறுத்திவைத்த அந்தக் காலையில், நான் கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு முன் பல்லடத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். திருப்பூரில் இந்த எக்ஸ்போர்ட் கம்பெனி, சாம்பிள்களைப் படம் எடுத்து சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்புவதற்காகச் சொந்தமாக ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியிருந்தது. ரொம்ப உசத்தியும் இல்லை, கற்றுக்கொள்கிறவர்கள் வாங்குவதும் இல்லை, நடுத்தர மாடல். அதற்கு ஆள் தேடியபோதுதான் எனக்கு வேலை கிடைத்தது.

நீலமும் வெள்ளையுமாக, நூல் கனத்தில் கோடு ஓடும் டி-ஷர்ட் ஒன்றை முந்தின நாள் எடுத்து அனுப்பியிருந்தேன். காலையில் பையரிடமிருந்து மெயில். துணியில் அலை அலையாக ஏதோ ஓடுகிறது, நிட்டிங் சரியில்லை, வேலையை நிறுத்துங்கள் என்று. என் போட்டோவிலேயே நெஞ்சுப் பகுதியில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். பார்த்தேன். உண்மையிலேயே அலை ஓடியது.

நூலை மிஷினில் பின்னித் துணியாக ஓட்டிக் கொடுத்தவர், திருப்பூர் மண்ணரையில் நிட்டிங் யூனிட் வைத்திருந்த கந்தசாமி அண்ணன். ஓனர் கூப்பிட்டனுப்ப, மிஷினை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டை முழுக்கப் பஞ்சு. துணியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, இழுத்து, திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியலீங்களே" என்றார்.

ஓனர் கோபக்காரர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகம் வெளுத்திருந்தது. "நம்ம கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியுது போலிருக்குதுங்க. கேமரா பொய் சொல்லுமாங்க? மொத்த லாட்டையும் நீங்க எடுத்துக்கிட்டுப் போற மாதிரிதான் ஆயிப்போகும்."

கந்தசாமி அண்ணன் ஜன்னலை விட்டு வந்தார். துணியை மடிக்க ஆரம்பித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து நிதானமாக மடித்தார். அந்த லாட் திரும்பிப் போனால் அவர் எழுந்து நிற்க முடியாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. துணியில் அலை இருந்தால், நான் எங்கே நின்று எடுத்தாலும் அது அதே இடத்தில் இருக்க வேண்டும். மெர்ச்சண்டைசர் ஜெபராணி அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். திருநெல்வேலிக்காரர்; பையரோடு பேசுகிற பொறுப்பு அவருடையது. அவர் தயங்கவே இல்லை.

"சார், இந்தப் புள்ள என்னமோ சொல்லுதா. மதியம் வரைக்கும் பொறுங்க. பையர்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

ஓனர் என்னைப் பார்த்தார். "சரீங்க, பாருங்க" என்றார்.

டி-ஷர்ட்டை அசைக்காமல் டம்மி பொம்மையிலேயே விட்டேன். லைட்டையும் தொடவில்லை. முதலில் பழைய இடத்திலிருந்தே ஒன்று எடுத்து, கேமரா திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். அலை இருந்தது. ட்ரைபாடை ஓரடி முன்னால் நகர்த்தி எடுத்தேன். நெஞ்சில் இருந்த அலை வயிற்றுக்கு இறங்கியிருந்தது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்தேன். அலையும் சாய்ந்துகொண்டது. அப்படியென்றால் அலை துணியில் இல்லை.

கொசுவலை இரண்டு மடிப்பாகத் தொங்கும்போது கவனித்திருப்பீர்கள், வலையில் இல்லாத அலை ஒன்று நெளியும். இதுவும் அதுதான். கேமரா சென்சாரில் பொடிப்பொடியாக வரிசைகள் இருக்கின்றன. துணியின் கோடும் அதே அளவுக்குப் பொடியாக வந்து விழும்போது இரண்டும் மோதி அலை உண்டாகிறது. மொய்ரே என்று இதற்குப் பெயர் இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

கோடுகள் பெரிதாகப் பதியட்டும் என்று இன்னும் கிட்டே போனேன். லென்ஸின் துவாரத்தை, அதாவது அபெர்ச்சரை, எட்டிலிருந்து பதினாறுக்குக் குறுக்கினேன்; எண் கூடினால் துவாரம் சிறுக்கும். படத்தின் கூர்மை ஒரு பொட்டு குறையும், அலையும் அடங்கும். வெளிச்சம் குறைந்ததால் ஷட்டர் மெதுவானது. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றினால் துணியில் புள்ளி தட்டும், அதனால் நூறிலேயே வைத்தேன். பட்டனை அழுத்துகிற அசைவுகூட விழக்கூடாது என்று செல்ஃப் டைமர் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். வந்த படத்தில் நீலம் நீலமாக, வெள்ளை வெள்ளையாக, கோடு கோடாக மட்டுமே இருந்தது.

எல்லாப் படங்களையும் வரிசையாக அனுப்பிவிட்டு, ஜெபராணி அக்கா வீடியோ காலில் துணியை ஜன்னலோரம் பிடித்து பையருக்குக் காட்டினார். இன்னும் கிட்டே காட்டச் சொன்னார்கள். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டிங்கை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள்.

என் போட்டோவால் வந்த வினை என்று கந்தசாமி அண்ணன் என்னைத் திட்டியிருக்கலாம். அவரோ கம்பெனியில் நான் படம் எடுக்கும் அறையின் வாசலில் வந்து நின்று, "அம்மிணி, ஒரு நாளைக்கு நம்ம யூனிட்டுக்கு வந்து என்னைய ஒரு படம் புடிச்சுக் குடுக்கோணுங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். மிஷின் அதிர்வில் தரையே ஆடியது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"ஓடட்டுமுங்க. நின்ன மிஷினுக்குப் பக்கத்துல என்னையப் பாத்தா ஊட்டுல எல்லாரும் பயந்துக்குவாங்க."

அதிர்வு ஏறாமலிருக்க ட்ரைபாட் கால்களுக்கு அடியில் துணியை மடித்து வைத்து, ஷட்டரைக் கால் விநாடிக்கு வைத்தேன். "அண்ணா, மூச்சைப் பிடிச்சு அப்படியே நில்லுங்க" என்றேன். நின்றார். படத்தில் அவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாக இருந்தது. பின்னால் நூல்களும் மிஷினும் சுழன்று ஒரே பட்டையாகக் கலைந்திருந்தன. கேமராத் திரையில் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று எனக்கென்று ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: படத்தில் ஒரு குறை தெரிந்தால், பொருளைக் குறை சொல்லும் முன் நீ நிற்கிற இடத்தை மாற்றிப் பார். இதைக் கேமரா எனக்குச் சொல்லித் தந்தது. ஆனால் இடத்தை மாற்றிப் பார்க்க ஒரு காலைப்பொழுதை எனக்கு வாங்கித் தந்தவர் ஜெபராணி அக்கா. அந்தப் பொழுது கிடைத்திருக்காவிட்டால் எனக்கு என்ன தெரிந்திருந்தும் பிரயோஜனம் இல்லை.